எட்டு பேர் வண்டி

பழைய எஸ்யூவியைப் பார்க்க வந்த தம்பதி பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரே கடைசி வரிசையில் ஏறி, ஆளுக்கொரு குதி குதித்துப் பார்த்தார்கள்.

"எட்டு பேர் தாராளமா உட்காரலாமா?" என்றார் மனைவி.

"பத்து பேரே உட்காரலாம்மா!" என்றான் சொந்தக்காரன், வாயெல்லாம் பல்லாக.

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?" என்றார் கணவர்.

அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னத்தச் சொல்ல சார்! இந்தக் கப்பலை வாங்கினதிலிருந்து ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணே எனக்கு இல்ல. விடிஞ்சா போதும், மாமியார், மச்சான், அவன் பிள்ளைங்கன்னு மொத்தக் கூட்டமும் பையோட வாசல்ல நிக்கும். டிரைவர் வேலை பார்த்தே முதுகு ஒடிஞ்சு போச்சு!"

உளறிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரமே பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவனை, பழகிய ஹாரன் சத்தம் எழுப்பியது. வாசலில் அதே வண்டி. உள்ளே மாமியார், மச்சான், பிள்ளைகள். அவனுடைய மனைவியும் அதற்குள் பையோடு ஏறியிருந்தாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வண்டியை வாங்கிய அதே கணவர்; முகமெல்லாம் சிரிப்பு. "பின்சீட்ல உங்க மாமியாரோட மூக்குக்கண்ணாடி கிடந்துச்சு சார். கண்ணாடிக் கூட்டுல அவங்க போன் நம்பர் இருந்தது, கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்படியே எல்லாரையும் கூப்பிட்டுட்டோம். எங்க வீட்ல நாங்க ரெண்டே பேர். நாலு பேர் தேடி வரணும்னுதானே இந்த வண்டியையே வாங்கினோம்!"

மாமியார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"சீக்கிரம் ஏறுங்க மாப்பிள்ளை. ஜன்னலோர சீட்டு உங்களுக்குத்தான். இன்னிக்காவது நிம்மதியா வேடிக்கை பார்த்துக்கிட்டு வாங்க!"