ரோஸ் நிறக் குஞ்சுகள்

"என்ன மைனி, குஞ்செல்லாம் ரோஸா இருக்கு?" மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள் அடுத்த வீட்டுச் செண்பகம்.

"பருந்துக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னு சாயம் பூசுனேன். இப்போ தாய்க்கே தெரியலையே," என்றாள் இசக்கியம்மாள். கிட்டே வந்த குஞ்சுகளையெல்லாம் கோழி கொத்தி விரட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ தாய்க்கும் பூசிருங்க. அண்ணனுக்கும் கொஞ்சம் பூசுங்க, எடுப்பா இருக்கும்."

"சிரிக்காதட்டீ. தாய் அணைக்கலைன்னா குளிர்ல வெறச்சிச் செத்துரும்."

முற்றத்தில் பருந்தின் நிழல் விழுந்தது. குஞ்சுகள் கீச்சிட்டன. அந்தச் சத்தம் கேட்டதும் கோழி தலையைத் தூக்கியது. கொக்கரித்தபடி இறக்கையை விரித்தது. எல்லாம் உள்ளே ஓடி நுழைந்தன.

நிழல் போன பிறகும் அது எழுந்திருக்கவில்லை.

"மைனி, அங்க பாருங்க," என்றாள் செண்பகம்.

ஈரச் சாயம் ஒட்டி, கோழியின் வெள்ளை இறகுகள் மெல்ல ரோஸாகிக்கொண்டிருந்தன.