பாஸான ஏழு முட்டை

"ஏனுங்க, அது கோழிதானுங்களா, இல்ல எங்க பனியன் கம்பெனி வேஸ்ட் பஞ்சுங்களா? இருபத்திமூணு நாளாச்சு, ஒரு கீச்சுச் சத்தத்தக் காணோம்!"

மயிலாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டபோது, அவள் கணவர் பழனிமுத்து கூண்டுக்கு முன்னால் குப்புறப் படுத்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதில், வேலம்பாளையத்தில் நாலு குடித்தனம் பார்க்கிற வாசலில், லுங்கியோடு ஒரு மனிதன் படுத்திருக்கக் கூடாத கோலம் அது. அவருக்கே தெரிந்தது.

"மெதுவாப் பேசு மயிலா. அடையில இருக்கற வெள்ளச்சி மனசு சங்கடப்படும்."

"என்ற மனசு சங்கடப்பட்டா இப்படிப் படுத்துப் பார்ப்பீங்களா?"

பக்கத்து வீட்டு மருதாள், கையில் எவர்சில்வர் குண்டாவோடு வந்து நின்றாள்.

"மொளகு அரைச்சு வெச்சாச்சு தம்பி. சேவல எப்பப் புடிச்சுத் தர்றீங்க? அது கூவிக்கூட நான் கேட்டதில்ல. சேவல்தானா?"

பழனிமுத்து வளர்ப்பது சில்க்கி ஜாதிக் கோழிகள். சில்க்கிக் கோழிக்கு வெளியே வெள்ளைப் பஞ்சு, உள்ளே தோலும் கறியும் கறுப்பு. அந்தச் சாறு மூட்டுவலிக்குக் கேட்கும் என்று மருதாளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, தன் கோழியின் பெருமையைப் பேசுகிற சாக்கில் சொன்னவரே அவர்தான்.

மயிலாளோடு போட்ட பேச்சு இதுதான். இந்த ஈட்டு முட்டையில் ஒரு குஞ்சாவது பொரித்தால் கோழிகள் இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டைகள் இரண்டும் வாங்கிய பல்லடத்துக்கே திரும்பும், 'மைனர்' என்று செல்லப்பேர் வைத்த சேவல் மருதாளின் குண்டாவுக்குப் போகும், கூண்டு இருக்கிற இடத்தில் மயிலாளின் ஓவர்லாக் தையல் மெஷின் உட்காரும். தலையை ஆட்டிச் சம்மதித்ததும் அவரேதான்.

அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் பகலெல்லாம் பாலிஷ் பிடித்துவிட்டு வருகிறவருக்கு, மடியில் ஏறிப் பூனைக்குட்டி மாதிரி உட்காரும் அந்த மூன்றும்தான் உலகம். ஒரு நாள் மழையில் நனைந்த வெள்ளச்சியை டேபிள் ஃபேன் முன்னால் வைத்து அரைமணி நேரம் துவட்டினார்.

"கட்டுன நாள்ல இருந்து எனக்கு ஒரு நாள் தலை துவட்டி விட்டிருப்பீங்களா?" என்றாள் மயிலாள். சில்க்கிக்குக் காலுக்கு ஐந்து விரல். அவர் ஐந்தாவது விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முட்டை விஷயத்திலும் அதே அக்கறை. முதலில் வந்தவை பெட்டைகள்தான். பத்து நாள் கழித்துத்தான் சேவல் கிடைத்தது. சேவல் வருமுன் இட்டவை பொரிக்காது, தின்னத்தான் ஆகும். பார்வைக்கோ எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அதனால், பட்டறையில் தேறிய குடத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல, பொரிக்கக்கூடிய ஏழு முட்டைகளுக்கும் ஆளுக்கொன்று ஒட்டினார். மயிலாளின் கம்பெனி டப்பாவில் இருந்து எடுத்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.

வெள்ளச்சி அடைக்குப் படுத்த அன்று அவருக்கு ஓவர்டைம். பட்டறையிலிருந்து போன் போட்டார்.

"மயிலா, ஸ்டிக்கரப் பாத்துப் பிரிச்சு, நல்ல முட்டைய அடைக்கு வெச்சுரு. மத்தத சமைச்சுரு."

"எனக்கே சொல்றீங்களா? பதினோரு வருசமாச் செக்கிங் டேபிள்ல நிக்கறேன். கண்ண மூடீட்டுப் பிரிப்பேன்."

வேலை முடிந்து வந்து, முட்டைப் பொடிமாஸைச் சட்டியோடு வழித்துத் தின்ற தெம்பில், பழனிமுத்து ஒரு சட்டம் போட்டார்: இருபத்தொரு நாளைக்கு யாரும் கூண்டைத் தொடக் கூடாது. அட்டையில் எழுதியும் மாட்டினார். அந்த அட்டைக்குக் கீழேதான் இப்போது படுத்திருந்தார்.

வெள்ளச்சி சலித்துப்போய் எழுந்து வெளியே வந்தது. உள்ளே ஆறு முட்டைகள். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். கொளக் என்றது.

"ஆகாது தம்பி, கூமுட்டை" என்றாள் மருதாள், குண்டாவை நீட்டியபடி. "மைனர் வெறும் மைனர்தான் போல."

"பேச்சு பேச்சா இருக்கோணுமுங்க" என்றாள் மயிலாள்.

பழனிமுத்து சேவலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியது. குனிந்தவருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது.

"ஏ மயிலா, ஏழுல்ல இருக்கோணும்? ஸ்டிக்கர் எங்கே? உரிச்சுட்டியா?"

"இதுல எங்கீங்க ஸ்டிக்கர் இருந்துச்சு, உரிக்கறதுக்கு?" மயிலாள் முறைத்தாள். "கம்பெனில சிவப்பு அம்பு எதுக்கு ஒட்டுவோம்? ஓட்டை, கறை இருக்கற பீசக் காட்டறதுக்குத்தானே! நீங்க அம்பு ஒட்டுன ஏழும் ரிஜெக்ட்டுன்னு அன்னிக்கே ஒடச்சு ஊத்திப் பொடிமாஸ் பண்ணிட்டனே. 'சில்க்கி முட்டைன்னா சும்மாவா'ன்னு சட்டிய வழிச்சது ஆருங்க?"

மருதாளின் குண்டா மெல்லக் கீழே இறங்கியது.

கண்ணை மறைத்த கொண்டைப் பஞ்சுக்குள்ளிருந்து மைனர், தன் ஏழு பிள்ளைகளையும் ஒரே வேளையில் தின்று தீர்த்தவரை ஏறிட்டுப் பார்த்து, வாழ்நாளில் முதன்முறையாக ஊரே கேட்கக் கூவியது.