வேற எங்க போட்டிருக்கே?

“வேற எங்கெல்லாம் போட்டிருக்கே, அகிலா? ஒண்ணொண்ணா சொல்லு.”

உதயா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனாலும் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த விஜயலட்சுமியின் காதில் அது தெளிவாக விழுந்தது. அகிலா விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். சென்னையில் இரண்டு கல்லூரி, வேலூரில் ஒன்று, மதுரையில் ஒன்று.

விஜயலட்சுமி மகள் அகிலாவின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

போர்ட் பிளேயரில் ஒரு ஓட்டல் மாடி அது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நர்சிங் கல்லூரி ஒன்று, தீவுப் பிள்ளைகளுக்கு அங்கேயே நேர்காணல் நடத்திக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். விஜயலட்சுமியின் தம்பி வீடு அந்தக் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. மெயின்லேண்டில் மகளை வேறெங்கே விட்டாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

அதனால் குட்வில் எஸ்டேட் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் ஆட்டோவில் ஒரே பாடம்தான். வேறெங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டால் எங்கேயும் இல்லை என்று சொல்ல வேண்டும். நாலு இடம் என்று தெரிந்தால், இவள் எங்கே வரப்போகிறாள் என்று இடத்தைத் தூக்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

அந்த வேறு யாரோ இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உதயா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கி அகிலாவோடு பிளஸ் டூ படித்தவள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவளுக்கு அகிலா வீட்டில்தான்.

“நீ எங்கெல்லாம் போட்டிருக்கே, உதயா?” விஜயலட்சுமி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

உதயா நெளிந்தாள். “உள்ள கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியல, ஆன்ட்டி.”

மறைக்கிறாள் என்று விஜயலட்சுமிக்குப் பட்டது. தன் சீட்டைக் காட்டாமல் எதிராளியின் சீட்டை எட்டிப் பார்க்கிற ஆட்டம்.

உதயாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அகிலா என்ற பெயர் அடிபட்டதுபோல் விஜயலட்சுமிக்குத் தோன்றியது. அடுத்துப் போன அகிலாவோ போன வேகத்தில் திரும்பிவிட்டாள்.

மதியம் கல்லூரிக்காரர் சிவபிரகாஷ் வெளியே வந்து முடிவைச் சொன்னார். இடம் உதயாவுக்கு. அகிலா காத்திருப்போர் பட்டியலில். ஏன் என்று விஜயலட்சுமி கேட்டதற்கு, நாலு கல்லூரிக்குப் போட்டிருக்கிற பிள்ளை கடைசியில் வராமல் போனால் இடம் வீணாகிவிடும் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. நாலு என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

“நான்தாம்மா சொன்னேன். பொய் சொல்ல வாய் வரல,” என்றாள் அகிலா. “ஜானே தோ, விடும்மா.”

சிநேகிதியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று விஜயலட்சுமி நினைத்தாள். உதயா பின்னால் நிற்பது தெரிந்தேதான், அவளுக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள்.

“ரெண்டு வருஷம் நம்ம வீட்டுல சாப்பிட்ட பொண்ணு. கூட இருந்தே கழுத்தறுத்துட்டா.”

உதயாவின் முகம் வெளுத்தது. பிறகு, நீங்கள் போங்கள், நான் அப்புறம் வருகிறேன் என்று அகிலாவிடம் முனகிவிட்டு, மறுபடி அந்தக் கதவைத் தட்டி உள்ளே போனாள். நன்றி சொல்லப் போகிறாளாக்கும் என்று விஜயலட்சுமி உதட்டைச் சுழித்தாள்.

சாயங்காலமே சிவபிரகாஷிடமிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறொரு கல்லூரியில் கிடைத்துவிட்டதாம், இந்த இடம் வேண்டாம் என்று அவளே வந்து சொல்லிவிட்டாளாம். அகிலாவைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

அகிலா உதயாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் எடுக்கவில்லை. விஜயலட்சுமிக்கோ வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பெரிய கல்லூரி எதையோ மடியில் கட்டி வைத்துக்கொண்டு, இந்த இடத்திலும் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். முகத்துக்கு நேரே கேட்டபோதுகூடச் சொல்லவில்லையே, என்ன அழுத்தம்.

கச்சாலிலிருந்து அடுத்த கப்பலில் உதயாவின் அம்மா வசந்தகுமாரி வந்தாள். மகளின் ஹாஸ்டல் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்தவள், ஒரு பை நிறையக் கருவாட்டோடு குட்வில் எஸ்டேட்டுக்கும் ஏறி வந்தாள். உதயா கப்பல் துறையில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கிறாளாம். எங்கள் பிள்ளைக்கு ஒருவாய் சோறு போட்ட வீடு, சொல்லாமல் போக மனசு வரவில்லை என்றாள்.

விஜயலட்சுமி டீயை நீட்டினாள். குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

“உதயா பக்கா ஆளுதான். வேற காலேஜ்ல கிடைச்சிருக்காமே. எந்தக் காலேஜுன்னு எங்ககிட்டகூட மூச்சு விடலையே?”

வசந்தகுமாரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வேற காலேஜுங்களா? நாங்க அந்த ஒண்ணுக்குத்தானேக்கா போட்டோம்.”