ரீட்டாவின் ஐந்து வசனங்கள்

போனில் வந்த நாலு ஆங்கில வசனத்துக்கும் சரி போட்டுவிட்டுத்தான் யோகேஸ்வரி டீச்சர் ஐந்தாவதை வாசித்தாள்.

வாசித்ததும் திரும்ப முதலாவதுக்குப் போனாள்.

ரீட்டாவும் அங்கிள் ஜோனும் அவளுடைய சொந்தச் சரக்கு. லண்டன் விசாவுக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஆங்கிலம் படிக்க வரும் கல்யாணப் பெண்களுக்கு நோட்ஸ் அடித்தபோது உண்டாக்கியவர்கள். யார் யாரை என்ன செய்யச் சொன்னார், எங்கே போக விட்டார், யாரோடு? எல்லாப் பயிற்சியும் அந்த இரண்டு பேரின் தலையில்தான். நோட்ஸில் அங்கிள் ஜோன் ரீட்டாவை மிருகக்காட்சிச்சாலைக்குப் போக விடுவார். சந்தைக்குத் தன்னோடு வரச் சொல்லுவார். தங்கமான மனுசன்.

போன வருடம் படித்துப் பாஸாகி லண்டன் போன நிருஷா இன்று எழுதி அனுப்பியதில் அந்த மனுசனைக் காணோம். அங்கிள் ஜோன் ரீட்டாவை வெளியே போக விடுவதில்லை. அம்மாவோடு கதைக்க விடுவதில்லை. அறைக்குள்ளேயே இருக்கச் சொல்கிறார். ரீட்டா வீட்டுக்குத் திரும்பிப் போக விரும்புகிறாள்.

ஐந்தாவது: ரீட்டா தன் டீச்சரிடம் உதவி கேட்கிறாள்.

நோட்ஸில் டீச்சர் என்று ஒருத்தி கிடையவே கிடையாது.

உடனே அழைக்கப் போன விரல் நின்றது. அது நிருஷாவின் இலக்கம் அல்ல, அவள் புருஷன் தனஞ்சயனுடையது. போன மாதம் அவனாகவே கோல் எடுத்துச் சொன்னான்: "அவவுக்கு இங்கிலீஷ் இன்னும் காணாது, டீச்சர். ஹோம்வேர்க் குடுங்கோ. நான் பாத்து என்ர போனில இருந்து அனுப்புறன்."

இப்படியொரு புருஷன் வாய்க்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று அன்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாளே! தன்னை நினைக்கத் தனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

இனி எதை எழுதினாலும் முதலில் வாசிப்பவன் அவன்.

ஐந்தாவதுக்கும் சரி போட்டாள். வழக்கம்போல 'வெரி குட்' போட்டாள். அடுத்த பாடம் இடங்களைச் சொல்வது என்று எழுதினாள். ரீட்டாவின் வீடு எந்த ஊரில், எந்த வீதியில், எத்தனையாம் இலக்கத்தில், எதற்குப் பக்கத்தில்? ஐந்து வசனம், இன்றைக்கே வேண்டும்.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. அவன் மோப்பம் பிடித்துவிட்டால் அடி விழப்போவது தனக்கல்ல, அந்தப் பிள்ளைக்கு. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய், இன்னொன்றும் போனது. தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிப்போனது.

பதில் வந்தது. ஊர், வீதி, இலக்கம், பக்கத்துப் பள்ளிக்கூடம். நாலும் பிழையில்லாமல்.

ஐந்தாவது, அவள் கேட்காதது: அங்கிள் ஜோன் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறார்.

அதன் கீழே தனஞ்சயன் தமிழில் எழுதியிருந்தான்: "போஸ்ட்கோட்டை விட்டிட்டா, டீச்சர். நான்தான் போட்டுவிட்டனான்."

யோகேஸ்வரி அவனுக்கும் ஒரு 'வெரி குட்' போட்டுவிட்டு, நிருஷாவின் தாயுடைய இலக்கத்தைத் தேடினாள்.