ஆறாத வட்டம்

கடலோடித் துறவி மேற்கே போய்த் திரும்பாமல் நாற்பது வருடங்களாகிவிட்டன. அவருடைய மடத்தார் இன்னும் ஈஸ்டர் தோறும் தோல்படகில் அந்த மொட்டைத் தீவுக்குப் போய்ப் பூசை வைத்தார்கள். அங்கே அடுப்பு மூட்டக் கூடாது என்பது அவர் விட்டுப்போன கட்டளை. அவரே ஒருமுறை மூட்டியபோது தீவு துடித்ததாம். இந்த வருடம் சமையல்காரர் கோர்மாக் அங்கே பானையளவு வட்டமாக ஒரு கரிந்த இடத்தைக் கண்டார். உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, தொட்டதும் நடுங்கியது. தண்ணீர் புகாமலிருக்கப் படகின் தையலில் பூச வைத்திருந்த ஆட்டுக்கொழுப்பை எடுத்து மெல்லத் தடவத் தொடங்கினார்.

“ஏன்யா, பாறைக்கு வைத்தியமா?” என்று சிரித்தார் படகோட்டும் லூகான். கொழுப்புச் சட்டி காலியானதும் அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. “தையல் விட்டா எப்படிய்யா மடம் போய்ச் சேர்றது?”

“வலிக்குது போல, லூகான். பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?”

திரும்பும் வழியில், கரை கண்ணுக்கு எட்டாத இடத்தில் தையல் விட்டது. படகிலிருந்த எட்டுப் பேரும் அள்ளி அள்ளிக் கொட்டியும் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. லூகான் உரக்க ஜெபித்தார். அப்போது அடியில் ஏதோ தட்டி, படகு தரையில் நிற்பதுபோல் நின்றது. கோர்மாக் கடலுக்குள் கையை விட்டுத் துழாவினார். வெதுவெதுப்பான ஒரு வட்டம் தட்டுப்பட்டது. அதில் கொழுப்பு இன்னும் பிசுபிசுத்தது.

“கரை வந்துடுச்சா?” என்றார் லூகான்.

வந்தது கரையல்ல, அந்தத் தீவு. அது அவர்களைச் சுமந்துகொண்டு நகரத் தொடங்கியிருந்தது. மடம் கிழக்கே இருந்தது. அவர்கள் முகத்துக்கு நேராகச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.