மீட்டர் சாரின் பேட்ஜ்

"திருட்டுன்னா திருட்டுதான் சார். செக்யூரிட்டியைக் கூப்பிடவா?"

சூப்பர்வைசர் குதித்த குதியில் மேஜை மேலிருந்த டம்ளர் ஆடியது. வாசலில் கையில் வாளியோடு நின்றிருந்தாள் வாளியக்கா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அவளுக்கு அதுதான் பேர்.

அவள் எடுத்ததாக சூப்பர்வைசர் சொன்னது நகையும் இல்லை, பணமும் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ். எக்ஸ்ரே, ஸ்கேன் ரூம்களில் வேலை செய்பவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்வது. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

பேட்ஜின் சொந்தக்காரர் மீட்டர் சார். ஆஸ்பத்திரியின் இயற்பியல் ஆராய்ச்சியாளர். எந்நேரமும் கையில் ஒரு மீட்டரோடு அலைவதால் அந்தப் பட்டப்பெயர். ஏழைகளுக்கு மட்டும் ஏன் வியாதி அதிகம் என்று கட்டுரை எழுதி, ரெண்டு மாசம் வெளிநாட்டில் தங்கி, அங்கே மாநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். "யாரை நாம் அளக்கவில்லையோ, அவர்கள் நம் கண்ணுக்கே தெரிவதில்லை" என்று முடித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

வந்த சூட்டோடு, பேட்ஜ்களைச் சோதிக்கும் லேபிலிருந்து ஒரு கடிதம். 'உங்கள் பேட்ஜில் பதிவான அளவு, அனுமதிக்கப்பட்டதைப் போல ஆறு மடங்கு.'

மனுஷனுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. ரத்தம் கொடுத்து டெஸ்ட் எடுத்தார். வீட்டில் மனைவி ஒரே அழுகை.

அப்புறம்தான் பொறி தட்டியது. ரெண்டு மாசமாக நான் ஊரிலேயே இல்லையே! இங்கேயே விட்டுப்போன பேட்ஜில் எப்படி ஏறியது?

விசாரித்ததில் வாளியக்கா மாட்டிக்கொண்டாள்.

"எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமான்னு அன்னைக்கு என்கிட்ட கேட்டியே, ஞாபகம் இருக்கா?" என்றார் மீட்டர் சார்.

"இருக்கு சார். நீ என்ன மெஷினா ஓட்டப்போறேன்னு சிரிச்சீங்க."

"அதுக்காக என்னோடதைத் தூக்கிட்டியா?"

"ஐயய்யோ, தூக்கல சார். அழுக்கு மூட்டையில உங்க கோட்டோட கிடந்துச்சு. இது தொலைஞ்சா என் வேலையே போயிடும்னு நீங்கதானே ஒருநாள் கத்துனீங்க? நீங்களும் ஊர்ல இல்ல. எங்க வெச்சாலும் காணாமப் போயிடும்னு பயந்து, யூனிஃபார்ம்ல உள்பக்கமா குத்திக்கிட்டேன். எல்லா பேட்ஜையும் டெஸ்டுக்கு அனுப்பறப்ப ஆபீஸ்ல ஒப்படைச்சுட்டேன்."

"அப்ப ரெண்டு மாசமும் நீதான் போட்டிருந்தே?"

"ஒருநாள் விடல சார். வீட்டுக்குப் போகும்போது லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவேன்."

மீட்டர் சார் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா!"

உடனே மனைவிக்குப் போன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா! பேட்ஜ் வேற ஆள்கிட்ட இருந்திருக்கு. என் மேல துளிகூடப் படல. முதல்ல கண்ணைத் துடை."

போனை வைத்ததும் அவருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. "பாவம், தெரியாமப் பண்ணிட்டா. விட்டுடுங்க" என்றார் சூப்பர்வைசரிடம். மன்னிக்கிறவருக்கு முகத்தில் ஒரு களை வருமே, அது வந்திருந்தது.

கடிதத்தோடு வந்த படிவத்தை இழுத்து எழுதினார். காரணம்: பேட்ஜ் உரியவரிடம் இல்லை. பாதிக்கப்பட்டவர்: யாரும் இல்லை. கீழே அழகாக ஒரு கையெழுத்து.

வாளியக்கா நகரவில்லை.

"இன்னும் என்ன? அதான் விட்டாச்சே!"

"இல்ல சார்... உங்க மேல படலைன்னு போன்ல சொன்னீங்களே."

"ஆமா."

"எது சார் படல?"

மீட்டர் சார் குனிந்து பார்த்தார். கையெழுத்தின் மை இன்னும் காயாத அந்தப் படிவம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க... எந்த ரூம்ல வேலை பார்க்கறீங்கக்கா?"

"ஸ்கேன் ரூமுக்குப் பின்னாடி சார். ஏசி மாட்டறதுக்காக சுவத்துல ஓட்டை போட்டாங்களே, அந்தச் சின்ன ரூம். துணி மடிக்கிறது, மத்தியானம் சாப்பிடறது, கொஞ்சம் காலை நீட்டறது எல்லாம் அங்கதான். எங்களுக்கு வேற இடம் ஏது? இப்பக்கூட மூணு பேர் அங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

அந்த ஓட்டையை அவரும் பார்த்திருந்தார்; அது வழியாகக் கதிர் கசியும் என்பதும் தெரியும். பின்னால் இருப்பது வெறும் சாமான் ரூம்தானே, வந்து பார்த்துக்கலாம் என்று விமானம் ஏறியிருந்தார். இப்போது அவமானத்தில் காது மடல்வரை சுட்டது. வாளியக்கா முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"ஸ்கேனை நிறுத்தச் சொல்லுங்க! உடனே!" என்று சூப்பர்வைசரிடம் கத்தினார். "அக்கா, வாங்க, அவங்களை வெளியே கூட்டிட்டு வரணும்."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே வாளியைக்கூடக் கீழே வைக்காமல் அவளும் ஓடி வந்தாள்.

சின்ன ரூமின் கதவு வந்தது. கைப்பிடியைப் பிடிக்க வேண்டிய கை, அவரையும் அறியாமல் முதலில் தன் நெஞ்சுக்குப் போய்த் தடவிப் பார்த்தது. புது பேட்ஜ் இருக்கிறதா?

வாளியக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"பத்திரமா இருக்கு சார்" என்றாள். "கதவைத் திறங்க."