தடித்த தட்டு

ரெக்கார்ட் பிளேயரில் தடித்த இசைத்தட்டைப் போட்டால் மாமனார் முதலில் ஊசி தாங்கும் கையை அதன் அடித் திருகாணியால் மயிரிழை உயர்த்துவார்; அப்போதுதான் பாட்டு தெளிவாகக் கேட்கும். மெல்லிய தட்டென்றால் தாழ்த்துவார். புதிதாய் வந்த மருமகளுக்கு அதை வேடிக்கை பார்ப்பதில் அலாதி ஆர்வம்.

அன்று தடித்த தட்டை வைத்தவர், திருகாணியைத் தொடவே இல்லை. பாட்டு மந்தமாக ஒலித்தது.

"மறந்துட்டீங்களா மாமா?"

"இல்லம்மா. கொஞ்சம் பொறு."

பாட்டு பாதி ஓடியது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ எரிச்சலோடு சுவரைத் தட்டினார்கள். மாமனார் பெருமூச்சு விட்டு, திருகாணியைத் திருப்பினார். பாட்டு தெளிந்தது.

"யாரு மாமா?"

"என் அண்ணன். பாட்டு பிசகினா அவருக்குப் பொறுக்காது."

"அப்புறம் ஏன்...?"

"நேத்தெல்லாம் இருமிட்டே இருந்தார். காலையிலேர்ந்து சத்தமே இல்ல. வீட்டைப் பிரிச்சதுலேர்ந்து பேச்சுவார்த்தை கிடையாது. போய்க் கேக்கவா முடியும்?"